தொலைப் பதிவின் காப்பு

பெரகல–வெல்லவாய வீதியை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29இல் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. இத்தகைய மலைச்சாரல்களில் எச்சரிக்கைக்கு அடிப்படை மழையளவே. பதுளை மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் அதனைப் பதிந்து தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புகின்றன. மழையளவு இரகசியமன்று, ஆயின் 150 மில்லிமீற்றர் வழியில் 15 என மாற்றப்படின் லயன்களுக்கு எச்சரிக்கை எட்டாது. ஆதலின் இங்கு மறைத்தலினும் முதன்மையானவை, பதிவு மாறாமையும் அனுப்பிய கருவி இன்னதெனும் உறுதியுமாம். 2018இல் வெளிவந்த டி.எல்.எஸ். 1.3 நெறி, கருவிக்கும் சான்றிதழ் அளிக்கப்படின், இவை யாவற்றையும் ஒருங்கே தரும்.

நெறி செம்மையாயினும் அதனை இயக்கும் மென்பொருள் நூலகம் பழுதுபடுதல் கூடும். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ குறை, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் தரவின் நீளத்தைச் சரிபாராமையால் விளைந்தது. மறையாக்கக் கணிதம் பிழைக்கவில்லை. நினைவகம் குறுகிய கருவிக்கு எம்பெட் டி.எல்.எஸ். போன்ற சிறிய நூலகம் பொருந்தும். ஆயினும் மலைமேல் நிற்கும் கருவிக்குத் திருத்தங்கள் தொலைவிலிருந்தே சென்றுசேர வழி அமைத்தல் வேண்டும்.