மார்க் போடாத ஆள்

நாமக்கல்லுக்கு மூன்று தொழிலால் பெயர்: லாரி, முட்டை, பள்ளிக்கூடம். முதல் இரண்டின் கணக்கு ஊருக்கே தெரியும். முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை அன்றாடம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. லாரிக்கு வாடகை பேசித்தான் சரக்கே ஏறும். மூன்றாவது தொழில் மார்க்கில் ஓடுகிறது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை மற்ற மாவட்டத்தார் ‘பிராய்லர் பள்ளி’ என்று சொல்லும்போது அதில் கேலி பாதி, பொறாமை பாதி. அப்படிக் கேலி பேசிய ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கினார்கள்.

பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பள்ளிகளின் மரத்தடிகள் கல்யாண வீடு மாதிரி இருக்கும். தூக்குப்போசியில் பிரியாணி, பையில் முறுக்கு, மாற்றுத் துணி. “நல்லா சாப்புடறயா கண்ணு?” என்பது முதல் கேள்வி. “இந்த வாரம் டெஸ்ட்ல எவ்வளவு?” என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் பெரும்பாலும் நேரம் முடிந்துவிடும்.

மார்க்கின் பிடியைத் தளர்த்த அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2017 மே 11. பிளஸ் டூ முடிவு வர ஒரே ஒரு நாள் பாக்கி. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்கள் இனி அறிவிக்கப்படமாட்டா என்றார் பள்ளிக் கல்வி அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன். கோபிசெட்டிபாளையத்துக்காரர், கொங்கு மண்ணின் மார்க் பசி அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைச் செயலராக த. உதயச்சந்திரன் இருந்த காலம் அது. முதலிடம் பிடித்த பிள்ளையின் வாயில் லட்டு ஊட்டும் புகைப்படம் முடிவு வந்த மறுநாள் பத்திரிகைகளிலிருந்து காணாமல் போனது. ரேங்க் வெளியே போனதே தவிர, உள்ளே இருந்த செக்‌ஷன் போகவில்லை. எத்தனையோ பள்ளிகளில் மார்க்கை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். மாதத் தேர்வில் சறுக்கியவன் பெட்டி படுக்கையோடு கீழ் செக்‌ஷனுக்கு மாறுகிறான். அவனுக்கு அதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை தேவையில்லை.

இன்னொன்று, பிளஸ் ஒன். அந்த வருடப் பாடத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகளை வழிக்குக் கொண்டுவர, 2017-18 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நோக்கம் சரிதான். விளைவு, பதினைந்து, பதினாறு, பதினேழு என்று அடுத்தடுத்த மூன்று வயதில் மூன்று பொதுத்தேர்வு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டித்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது.

மாவட்ட வரிசை மட்டும் நிற்கவில்லை. 2025 பிளஸ் டூ தேர்ச்சியில் அரியலூருக்கு அடுத்து ஈரோடு 97.98 சதவீதம், திருப்பூர் 97.53, கோவை 97.48. முதல் நான்கில் மூன்று கொங்கு மாவட்டங்கள். பெருமைதான். ஆனால் ஒரு இடம் இறங்கினால் மாவட்டக் கல்வி அலுவலகம் தலைமையாசிரியரைக் கேட்கும், தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்பார், ஆசிரியர் யாரைக் கேட்பார் என்பது கடைசி பெஞ்சுக்குத் தெரியும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 1,416. ஒவ்வொரு மரணத்துக்கும் தேர்வுதான் காரணம் என்று சொல்வது சோம்பேறித்தனம். வீடு, வறுமை, காதல், நோய், அவமானம் எல்லாம் அதில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் எதையுமே வாய்விட்டுச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

முன்பு இருந்தார்கள். அப்புச்சி, அப்பத்தா, தெருக்கோடி டியூஷன் அக்கா. மார்க் போடுகிற ஆளும் ஆறுதல் சொல்கிற ஆளும் வேறு வேறாக இருந்தார்கள். விடுதிப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. திருப்பூரில் கதை கொஞ்சம் மாறும். அங்கே பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது, அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனியில் ஷிப்ட்டில் இருக்கிறார்கள். பாட்டி தேனியிலோ விழுப்புரத்திலோ. எட்டாவது படிக்கும் பெண்ணே சோறாக்கித் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

பள்ளியில் ஆலோசகர்? அரசுப் பள்ளிகளில் அப்படி ஒரு முழுநேரப் பணியிடமே பள்ளிதோறும் கிடையாது. பத்தாண்டுகளுக்கும் முன்னரே மனநல ஆலோசகரோடு நடமாடும் வேன்கள் வந்தன. மாநிலத்துக்கே பத்து. அப்போது 32 மாவட்டங்கள். ஒரு பள்ளிக்கு வேன் திரும்பி வரும்போது பத்தாவது படித்த பிள்ளை பிளஸ் டூவுக்குப் போயிருக்கும். மற்றபடி, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரே ஆலோசகராகவும் இருப்பார். நல்ல ஆசிரியர்கள் நிறையப் பேர் இதை மனதாரச் செய்கிறார்கள். ஆனாலும் காலையில் விடைத்தாள் திருத்திய அதே கையைப் பிடித்துக்கொண்டு மாலையில் அழ எத்தனை பிள்ளைகள் வருவார்கள்?

கோவை இதைக் கடுமையான விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2021 நவம்பரில் ஒரு பிளஸ் டூ மாணவியின் மரணம் நகரத்தை உலுக்கியது. பாலியல் தொல்லை புகாரில் ஆசிரியரும், தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று தலைமையாசிரியரும் கைதானார்கள். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வந்தது. பெட்டியைத் திறப்பதும் பள்ளியின் குழுதான் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

2022-ல் கோவை மாவட்டக் காவல் துறை வேறு வழி பிடித்தது. கண்காணிப்பாளர் வி. பத்ரிநாராயணன் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் பள்ளிக்கூடம்’ மூலம் பெண் போலீசார் வகுப்பறைக்கே போய், எது சரியான தொடுதல், எது தவறானது, யாரிடம் சொல்வது என்று பேசினார்கள். அதன்பின் பிள்ளைகள் வாய் திறந்தார்கள், புகார்கள் வந்தன. அதே ஆண்டு மாநகரக் காவல் துறை கல்லூரி மாணவிகளுக்காக ‘போலீஸ் அக்கா’வைத் தொடங்கியது. காக்கிச் சட்டையைக் கண்டு பயந்த ஊரில் அந்தப் பெண் போலீசாரிடம் பேச முடிந்ததற்கு அவர்கள் வெளியாள் என்பதே பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலை 25 தீர்ப்பில் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போய் விடுதியில் தங்கியிருந்தபோது இறந்த 17 வயது மாணவியின் வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது ஒன்று. மதிப்பெண் அடிப்படையில் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. நாமக்கல் வட்டாரத்தில் இரண்டாவதை நடைமுறைப்படுத்தினால் பல பள்ளிகளின் கால அட்டவணையையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

உதவிக்கான போன் எண்களுக்குப் பஞ்சமில்லை. சுகாதாரத் துறையின் 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098. 2022 டிசம்பரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் வந்த 14416, நாள் முழுக்க இலவசம். 2021 செப்டம்பரில், நீட் தேர்வையொட்டி மேட்டூர் அருகே ஒரு மாணவர் இறந்தபின், தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அரசுத் தரப்பிலிருந்தே போனில் அழைத்துப் பேச ஏற்பாடானது. பிள்ளை கூப்பிடட்டும் என்று காத்திராமல், “எப்படி இருக்கீங்க தம்பி?” என்று தானாக வந்த குரல் அது. அதை ஒவ்வொரு ஆண்டும் முடிவு வரும் வாரத்தில் செய்தால் என்ன?

விடுதியில் செல்போனுக்குத் தடை. வார்டன் மேசையில் ஒரு போன் இருக்கும். வரிசையில் நின்று, அவர் காது கேட்கும் தூரத்தில் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் மட்டும் அம்மாவின் போன் அரைமணி நேரம் பையன் கைக்கு வருகிறது. பாடப்புத்தகத்தில் அச்சடித்த உதவி எண் அவனுக்கு மனப்பாடமாகவே தெரியும். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, நடுவில் பிரியாணி. அவன் ஏதோ ஒரு கேமைத் திறக்கிறான்.