பனி உருக்கும் ட்ரைவ்வே: முதலில் மின் பேனலைத் திறந்து பாருங்கள்

டொராண்டோ பக்கம் பழைய ட்ரைவ்வேயைப் பெயர்த்துப் புதிதாகப் போடும்போது, "அடியில் சூட்டுக் கம்பியையும் போட்டுவிட்டால் இனி ஷவல் பிடிக்க வேண்டாமே" என்ற ஆசை வரும். ஆசை நியாயமானதுதான். ஆனால் அளவெடுக்க வாசலுக்குப் போகுமுன் பேஸ்மென்டுக்குப் போய் மின் பேனலைப் பாருங்கள்.

பனியை உருக்கச் சதுர அடிக்கு 50 வாட் அளவில் வேண்டும். இரண்டு கார் நிற்கிற, 20 அடிக்கு 25 அடி இடம் என்றால் 25,000 வாட். 240 வோல்ட்டில் அது ஏறத்தாழ 104 ஆம்பியர். பழைய வீடுகள் பலவற்றுக்கு வருகிற மொத்த இணைப்பே 100 ஆம்பியர்தான்! வீட்டையே இருட்டாக்கினாலும் போதாது. 200 ஆம்பியர் இணைப்பு இருந்தாலும் பாதிக்குமேல் வாசலுக்கே போய்விடும்.

அதனால் பலர் சக்கரம் ஓடும் தடத்தில் மட்டும் கம்பி போடுகிறார்கள். ஒரு காருக்கு இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகள், 25 அடி நீளம்: 100 சதுர அடி, 5,000 வாட், 21 ஆம்பியர். ஒரு 30 ஆம்பியர் பிரேக்கரில் அடங்கிவிடும். செங்குத்தான சரிவு இல்லாத வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

கம்பி குறிப்பிட்ட நீளத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். மிஞ்சியதை வெட்டக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று படவும் கூடாது, பட்ட இடம் சூடேறிக் கருகிவிடும். கான்கிரீட்டின் விரிவு இடைவெளியைக் கம்பி கடக்கக் கூடாது. பலகைகள் அசையும்போது இழுபட்டு அறும். ஆகவே காகிதத்தில் வரைபடம் போட்ட பிறகே கம்பியை வாங்க வேண்டும். இரும்பு வலையில் கட்டி, மேற்பரப்பிலிருந்து இரண்டு, மூன்று அங்குலம் கீழே நிற்கும்படி வைப்பார்கள். கான்கிரீட்டாக இருந்தால் அதற்கும் அடியில் கெட்டியான ஃபோம் பலகை விரித்தால், சூடு மண்ணுக்குள் வீணாகாது. தார் போடுவதானால், கொதிக்கும் தாரைத் தாங்கும் என்று குறிப்பிட்ட கம்பியாகவே கேட்டு வாங்குங்கள்.

கெடுவது பெரும்பாலும் கான்கிரீட் கொட்டும் அன்றுதான். மண்வாரி முனை ஒன்று பட்டால் போதும். கம்பியின் மின்தடையையும் உறையின் காப்பையும் வாங்கியதும், விரித்ததும், கொட்டி முடித்ததும் என மூன்று தடவை அளந்து எழுதிவைக்க வேண்டும். கொட்டும் நேரம் முழுக்க, அறுந்தால் ஒலிக்கும் சிறு கருவியை மாட்டிவைப்பதும் வழக்கம். கொட்டுமுன் அளவுநாடாவை வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கேட் தூணுக்குத் துளை போட வருகிறவருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி. ஒன்டாரியோவில் இந்த மின்வேலைக்கு ஆள் வைத்தால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். மின் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் தேவை. மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பாதுகாப்பும் கட்டாயம்.

எப்போது ஓட வேண்டும் என்பதைச் சென்சாரிடம் விடுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மட்டும் அது இயக்கும். ஓரடி பனி குவிந்தபின் கையால் போட்டால், அடிப்பனி மட்டும் உருகி மேலே குகைபோல் கூரை நிற்கும். நடுவில் காற்று இருப்பதால் சூடு ஏறாது.

உருகிய நீர் எங்கே போகும்? இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சூடு முடிகிற விளிம்பில் அது மறுபடி உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும். சரிவையும் வடிகாலையும் முன்பே பாருங்கள். நீர் கராஜ் பக்கம் திரும்பினால் அங்கேயும் ஒரு வாய்க்கால் வேண்டும்.

செலவு? முழு ட்ரைவ்வேயும் எட்டு மணி நேரம் ஓடினால் 200 யூனிட். மின்சாரத்தில் சூடாக்காத சாதாரண வீடொன்று ஏறத்தாழ ஒரு வாரம் எரிப்பது அது. மிச்சிகனின் ஹாலந்து நகரம் 1988 முதல் தெருக்களுக்கு அடியில் குழாய் போட்டுப் பனி உருக்குகிறது என்றால், மின் நிலையத்தில் வீணாகும் சூட்டை வெந்நீராக ஓட்டுவதால்தான் அது கட்டுப்படியாகிறது. நம் வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும், தெருவைத் துடைக்கிற நகராட்சி வண்டி உங்கள் வாசல் முனையில் தள்ளிவிட்டுப் போகும் பனிக்கட்டி வரம்பைக் கம்பி உருக்காது. ஷவலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.