மலைநாட்டு உறைபனியும் செடிகளும்

கண்டி நகரம் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு உறைபனி விழுவதில்லை. நுவரெலியாவோ 1,850 மீற்றருக்கு மேற்பட்டது. தை, மாசி மாதங்களில், முகிலும் காற்றும் அற்ற இரவுகளில், அங்கு நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கின்றது. குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். ஆதலால் பள்ளத்து உருளைக்கிழங்கு கருகிக் கிடக்க, மேட்டுப் பாத்தி தப்பி நிற்பதுண்டு.

ஐரோப்பாவின் ஹெதர் செடி கடுங்குளிரையும் தாங்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த மகா ரத்மல் மரம் ஹோட்டன் சமவெளியின் உறைபனியில் செழித்து வளர்கின்றது. (அச்சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா; அங்கு செடி பிடுங்குதல் குற்றமாகும்.) இவ்வினச் செடிகளைக் கண்டியில் வளர்ப்போர் குளிருக்கு அஞ்சவேண்டியதில்லை. அவற்றை வாட்டுவது வெப்பமே. புளிப்பு மண்ணும் நல்ல நீர்வடிப்பும் வேண்டும், சுண்ணாம்பு இடலாகாது.

நுவரெலியாவில் விறாந்தைப் பூச்சாடிகளுக்குக் கூடிய கவனம் தேவை. தரையிலுள்ள வேரை மண் காக்கும்; சாடியின் வேரையோ குளிர் எல்லாப் புறமும் தாக்கும். அத்தகைய இரவுகளில் சாடிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்தல் நன்று.

காய்கறிப் பாத்திகளுக்கு முதல்நாட் பகலிலேயே நீர் பாய்ச்சுக. ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும். மாலையில் பயிரின்மேல் வைக்கோலோ சாக்கோ மூடிக் காலையில் அகற்றுக. பகலில் மூடியே விட்டால் மண் வெயிலைப் பெறாது. மறுநாள் இரவு சேதம் மிகும். மூடத் தவறியவர்கள் வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கலாம். கருகிய செடிகளை உடனே பிடுங்காது, சில நாட்கள் பொறுத்துப் புதுத்தளிர் வருகின்றதா எனக் கவனிக்க.