வரைவது அங்கே... குதிப்பது இங்கே!

குட்டீஸ்! சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்து பார்க்க ஆசையா? ஒரு முயல் வேண்டும். அது குதிக்க வேண்டும். வழியில் முள் இருக்க வேண்டும். முயலைக் குதிக்க வைப்பது கேம் செய்யும் சாஃப்ட்வேரின் வேலை. சரி, முயலை யார் வரைவது?

நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999ல் உருவாக்கிய 'கேம் மேக்கர்' சாஃப்ட்வேரில் படம் வரையும் பகுதி உள்ளேயே இருந்தது. ஆனால், ஓவியர்களுக்கு அது போதுமா? 'போட்டோஷாப்' 1990லும், இலவசமான 'கிம்ப்' 1996லும் வந்தவை. தூரிகை, நிழல், வண்ணக் கலவை என்று பல ஆண்டுகளாக வளர்ந்தவை. அவற்றோடு போட்டி போடுவதைவிட, கூட்டு சேர்வதுதானே புத்திசாலித்தனம்? கேம் மேக்கரிலும், 'உனக்குப் பிடித்த சாஃப்ட்வேரிலேயே வரைந்துகொள்' என்று ஒரு வசதியை வைத்தார்கள்.

இதை நீங்களே செய்து பார்க்க 'கோடோ' நல்லது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கியது. 2014ல் இருந்து எல்லாருக்கும் இலவசம். (சாமுவேல் பெக்கெட்டின் நாடகம் ஒன்றில், கடைசி வரை மேடைக்கே வராத ஆசாமியின் பெயர் கோடோ. சாஃப்ட்வேருக்கு வைக்கிற பெயரா இது!) வரைவதற்குக் 'கிரிட்டா' வைத்துக்கொள்வோம். அதுவும் இலவசம்தான்.

கோடோவின் 'எடிட்டர் செட்டிங்ஸ்' பகுதியில், 'எக்ஸ்டர்னல் புரோகிராம்ஸ்' என்ற தலைப்பின் கீழே, 'ராஸ்டர் இமேஜ் எடிட்டர்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே கிரிட்டாவைக் காட்டிவிடுங்கள். பிறகு முயல் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓபன் இன் எக்ஸ்டர்னல் புரோகிராம்' என்பதை அழுத்தினால், படம் கிரிட்டாவில் திறக்கும். காதைச் சிவப்பாக்கி சேவ் செய்யுங்கள். கோடோவுக்குத் திரும்புங்கள். அட, இங்கேயும் காது சிவப்பு!

எப்படி? இரண்டு சாஃப்ட்வேரும் ரகசியம் பேசிக்கொண்டதா? இல்லை. இரண்டும் பார்ப்பது ஒரே கோப்பை, அவ்வளவுதான். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு படத்துக்கும் கோடோ ஒரு 'கைரேகை' எடுத்து வைத்திருக்கும். 32 எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அது. படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். நீங்கள் திரும்பி வந்ததும் கோடோ சரிபார்க்கும். ரேகை வேறாக இருந்தால், தன்னிடம் உள்ள பழைய நகலைத் தள்ளிவிட்டுப் புதிது செய்துகொள்ளும்.

இந்த வசதியில் ஒரு வம்பும் உண்டு. முயல் நடக்க 4 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 32 புள்ளி அகலம். நான்கையும் ஒரே வரிசையில் வைத்தால் 128 புள்ளி. 'நான்காக வெட்டு' என்று கோடோவிடம் சொல்லியிருக்கிறோம். ஒருநாள் கிரிட்டாவில், வலப்பக்கம் கொஞ்சம் இடம் கூட்டி 140 ஆக்கிவிடுகிறீர்கள். கோடோ மறுபேச்சில்லாமல் 35, 35 ஆக வெட்டும். முதல் முயலோடு பக்கத்து முயலின் மூக்கும் ஒட்டிக்கொள்ளும்! நான்காவது முயலுக்கு முன்பக்கமே காணாமல் போகும். காதையோ வாலையோ எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். தாளின் அளவை மட்டும் தொடாதீர்கள்.

கோப்பின் பெயரை மாற்றுவதாக இருந்தால், கோடோவுக்குள்ளேயே மாற்றுங்கள். வெளியே போய் மாற்றினால், பழைய பெயரைத் தேடி அது ஏமாந்து நிற்கும்.

இன்னொன்று. கிரிட்டாவில் முயலை ஓர் அடுக்கிலும், அதன் தொப்பியை இன்னோர் அடுக்கிலும் வரையலாம். கேமுக்குப் போகும் பிஎன்ஜி கோப்பில் அடுக்குகள் தங்காது. எல்லாம் ஒன்றாக ஒட்டிவிடும். அப்புறம் தொப்பியைக் கழற்ற நினைத்தால், முயலின் தலையும் சேர்ந்து வரும்! அதனால் கிரிட்டாவின் சொந்த வடிவத்தில் மூலப்படத்தைத் தனியாகச் சேமித்துவிட்டு, பிஎன்ஜியைப் பிரதியாக மட்டும் எடுங்கள். ஒரு மாத உழைப்பு இதில் தப்பும்.

'எங்கள் வீட்டில் பெயின்ட் மட்டும்தானே இருக்கிறது' என்கிறீர்களா? விண்டோஸ் 11ல் உள்ள பெயின்டுக்கு, அடுக்குகளும் பின்னணி இல்லாத படமும் 2023ல்தான் வந்தன. அதற்கு முந்தைய பெயின்டில் வரைந்தால், முயல் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே குதிக்கும். 'ஜேபிஜி'யாகச் சேமித்தாலும் இதே கதிதான்!