குத்தும் மாடும் மூடாத குழியும்

கொடைக்கானலை ஒட்டிய மலைச் சிற்றூர் வட்டக்கானல். அங்கும் அண்டை ஊர்களிலும் காட்டுமாடுகள் தோட்டத்திலும் சாலையிலும் நடமாடுகின்றன. மக்கள் அதனைக் காட்டெருமை என்றழைப்பினும் அது எருமையன்று, மாட்டினமே. முதிர்ந்த காளை 800 கிலோவுக்கு மேலும் எடையுடையது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதன் உயிருக்குக் காவலாக நிற்கிறது. பயிரை இழந்தவரும் முட்டுண்டு காயமுற்றவரும், "எங்கள் உயிருக்குக் காவல் யார்?" என்று கேட்கின்றனர். விலங்கைக் காக்க விழைவோரோ, "அதன் நிலத்தைப் பறித்தவர் யார்?" என்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரே திருவிருந்தில் பங்குபெறும் சபையில் போதகர் எங்கே நிற்பது?

முதலாவது, வரலாற்றை அறிதல் வேண்டும். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் குடியேறியதே கொடைக்கானல் நகரின் தொடக்கமாகும். ஆகவே, இம்மலையின் மாற்றத்தில் திருச்சபை வெறும் பார்வையாளரன்று. பிற்காலத்தில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் தைலமரமும் சீகைமரமும் நடப்பட்டன. சோலைகளுக்கிடையே பரந்திருந்த புல்வெளி பாழ்நிலமாக எண்ணப்பட்டது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு காட்டுகிறது. மேய்ச்சல் குறைந்ததும் ஊருக்குள் எளிதில் தீனி கிடைப்பதும் காட்டுமாடு இறங்கி வருவதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. தீங்கு செய்ய நினைத்து எவரும் மரம் நடவில்லை. ஆயினும் விளைவு நம் வாசலில் நிற்கிறது.

இரண்டாவது, திருமறையை நோக்குவோம். யோபு 39:9-12இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'காண்டாமிருகம்' என்றுரைக்கும் எபிரேயச் சொல் காட்டுமாட்டையே குறிக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. மனிதனுக்கு ஏர் இழுக்காத அவ்விலங்கும் கடவுளின் படைப்பே. நமக்குப் பயன்படாமை அதன் குற்றமன்று. எனினும், முட்டுண்டவரின் துயரை வேதம் புறக்கணிப்பதில்லை. யாத்திராகமம் 21:28-36 இதற்கு நெறி வகுக்கிறது. ஒருவனுடைய மாடு எதிர்பாராது மற்றவனுடைய மாட்டைக் கொன்றால் இருவரும் இழப்பைப் பகிர்ந்துகொள்வர். அது முட்டும் மாடென்று முன்பே அறிந்தும் கட்டிவைக்காதவன் முழு ஈடு செய்வான். குழியைத் தோண்டி மூடாதவன், அதில் விழுந்த விலங்குக்குப் பொறுப்பாளி.

இச்சட்டம் வீட்டு மாட்டைப் பற்றியது. காட்டுமாட்டுக்கு உடையவன் இல்லை. ஆகவே எழுத்தையன்று, அதன் நீதியையே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆபத்தை அறிந்தும் விலங்கைச் சட்டத்தால் காக்கும் அரசு, இழந்தவருக்குத் தாமதமின்றி ஈடு செய்தல் கடன். மலையின் நீரால் வாழும் சமவெளியாரும் அதன் அழகை நாடி வருவோரும் பயனைப் பெற்றுக்கொண்டு, இழப்பை ஏழை விவசாயியின் தோளில் ஏற்றுதல் நீதியன்று. ஊராரும் திறந்த குழிகளை மூடவேண்டும். குப்பையைத் தெருவில் கொட்டலாகாது.

அயல்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995இல் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. அதற்கு முன்பே, 1987 முதல், 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப்' என்னும் பாதுகாப்புச் சங்கம் அப்பகுதியில் ஓநாயால் கால்நடை இழந்தோருக்குத் தன் நிதியிலிருந்து ஈடளித்தது. பகை முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் ஓநாயை விரும்பியோர் அதன் விலையையும் சுமக்க முன்வந்தனர்.

நம் மலையிலும் ஒன்றுபடும் இடம் உண்டு. காட்டுக்குள் மேய்ச்சல் மீளவேண்டும் என்பதில் விவசாயிக்கும் விலங்குநேயருக்கும் பிணக்கு இராது. சீகையை அகற்றுவதிலும் கருத்து வேறுபாடுண்டு. அதன் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்துள்ளமையால் இடமறிந்து செய்தல் நலம். 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதுபற்றி ஆலோசிக்கையில், பளியர் முதலிய மலைமக்களின் குரலும் கேட்கப்படவேண்டும்.

போதகர் தீர்ப்புரைக்க விரைய வேண்டாம். காயமுற்றவர் வீட்டிற்கு முதலில் செல்க, ஈட்டு மனுவை எழுத உதவுக, பின்பு இரு சாராரையும் ஒன்றாக அமர்த்தி, "நாம் மூடாது விட்ட குழி எது?" என்று வினவுக. ஒப்புரவின் ஊழியம் அக்கேள்வியில் தொடங்குகிறது.