வார்ட் கட்டலாம், தாதியர் எங்கே?

எமது ஊர் ஆதார வைத்தியசாலைக்குப் புதிய வார்ட் கட்ட, ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் வசூல் நடக்கிறது. நானும் கொடுத்தேன். ஆனால் ஒரு விடயத்தை நாம் கேட்பதே இல்லை.

கட்டடம் ஒருமுறைச் செலவு. சம்பளம், மருந்து, இயந்திரப் பராமரிப்பு என்பன மாதாந்தச் செலவு. 13ஆவது திருத்தத்தின் பின் ஆதார வைத்தியசாலைகள் பல மாகாண சபைகளின் கீழ் இயங்கினாலும், மாகாணங்களின் செலவில் பெரும்பகுதி மத்திய அரசின் நிதியே. புதிய ஆளணிக்கும் கொழும்பின் அனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால் நாம் கட்டிய வார்ட் பூட்டியே கிடக்கும்.

ஆகவே முதலில் ஆளணி அனுமதி எழுத்தில் வரட்டும், பிறகு வசூலிப்போம். சாமான் வாங்கும்போதெல்லாம் நாம் வற் வரி கட்டுகிறோம். இலவச சுகாதாரம் அரசின் சலுகையல்ல, எமது உரிமை. எமது ஸதகா அரசின் கடமையைக் கழித்துவிடக் கூடாது.

ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டுக் கூட்டத்தார் என அல்குர்ஆன் (9:60) வரையறுக்கிறது. அதைக் கட்டடத்துக்குத் திருப்பாமல், வெளியே மருந்து வாங்க வழியற்ற ஏழை நோயாளிக்குக் கொடுப்போம்.

வசதியுள்ளவர்கள் வக்பு செய்யலாம். உமர் (ரழி) அவர்கள் கைபர் நிலத்தை விற்க முடியாதபடி வக்பு செய்து, விளைச்சலை ஏழைகளுக்கு ஆக்கினார்கள். அவ்வாறே இரண்டு கடையறைகளின் வாடகை ஒரு ஸ்கேன் இயந்திரத்தைப் பழுதின்றி வைத்திருக்க உதவும். கணக்கு வைத்தியசாலைப் பலகையில் தொங்கட்டும். அங்கு வரும் தமிழ், சிங்கள சகோதரர்களும் அதை வாசிக்கட்டும்.