வானவில் மீன் குஞ்சுகளின் முதற் பத்து நாட்கள்

வீட்டில் வண்ண மீன் வளர்ப்போர்க்கு முட்டை பொரியும் காட்சி பெருமகிழ்ச்சி தருவதாகும். ஆயினும் வானவில் மீன்களைப் பொறுத்தமட்டில் அம்மகிழ்ச்சி பல வீடுகளில் ஒரு வாரமே நிலைக்கிறது. கூட்டமாய் நீந்திய குஞ்சுகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. நோய் என்று எண்ணி மருந்திடுவோரும் உளர். பெரும்பாலும் காரணம் நோயன்று, பசியே ஆகும்.

இம்மீன்கள் ஆஸ்திரேலியா, நியூகினி ஆகிய நிலங்களின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியவை. சில நாட்கள் தொடர்ந்து, நாளுக்குச் சில முட்டைகளாக நீர்ச்செடிகளில் இடுவது இவற்றின் இயல்பு. மெல்லிய இழையொன்று முட்டையைச் செடியோடு பிணைக்கும். செடிக்கு மாறாகக் கம்பளி நூற்கொத்து ஒன்றைத் தொட்டியில் தொங்கவிடலாம். பெரிய மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுமாதலால், அக்கொத்தினை வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். 25 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில், 7 முதல் 12 நாட்களுக்குள் முட்டைகள் பொரியும்.

பிறந்த குஞ்சு அரை செண்டிமீட்டருக்கும் சிறியது. அதன் வாயோ ஊசிமுனை போன்றது. பொரித்த மறுநாளே இரை தேடும் அது, நீரின் மேற்பரப்பை விட்டு இறங்குவது அரிது. எவ்வளவு நல்ல உணவாயினும், வாயினும் பெரிதானால் பயனில்லை. அடியிற் சென்று தங்கினாலும் பயனில்லை. ஆகவே முதல் வாரத்தில் பாசி படிந்த பச்சை நீரும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நிறைந்த நீருமே ஏற்றவை. பழைய தொட்டி நீரில் முட்டைக்கோசு இலையொன்றை இட்டுச் சில நாட்கள் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். குஞ்சு பொரிந்த பின்னர் இதனைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். முட்டை கண்ட அன்றே தொடங்குக. ஒரு வாரத்திற்குப் பின், புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைத் தரலாம். எவ்வுணவாயினும் சிறிது சிறிதாக, நாளுக்குப் பலமுறை இடுதல் வேண்டும்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் அன்பர்கள் மேலும் இரண்டினைக் கருத வேண்டும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில், சென்னையில் வளர்த்த முறை அப்படியே பொருந்தாது. மார்கழி, தை இரவுகளின் குளிர் குஞ்சுகளைத் தாக்குமாதலால் சிறு வெப்பமூட்டி இன்றியமையாதது. குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும்; அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துக. நீரை மாற்றும்போதும் சிறிதளவே மாற்றுக. வலிய காற்றுக்குழாயும் விசையுடைய வடிகட்டியும் குஞ்சுகளை அலைக்கழிக்கும். மெல்லக் குமிழியிடும் ஸ்பாஞ்ச் வடிகட்டியே போதும்.

இம்முயற்சி பொழுதுபோக்கு மட்டுமன்று. முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சும் கொண்ட போஸ்மன் வானவில் மீன், நியூகினியின் மேற்கிலுள்ள அயமாரு ஏரிப்பகுதிக்கே உரியது. 1980-இல் அறிவியற்பெயர் பெற்ற அம்மீன், வணிகத்திற்காக மிகுதியும் பிடிக்கப்பட்டது. இன்று அழிவின் அச்சத்திலுள்ள இனமாகக் குறிக்கப்படுகிறது. வீட்டில் வளர்ந்த ஒவ்வொரு குஞ்சும் ஏரியிற் பிடிக்கும் ஒரு மீனின் தேவையைக் குறைக்கவல்லது. ஆனால் வெவ்வேறு வானவில் இனங்களை ஒரே தொட்டியில் இனம்பெருக்க விடலாகாது. அவை எளிதிற் கலந்துவிடும். மிகுந்த குஞ்சுகளை அல்சூர் ஏரியில் விடுதலும் தகாது. அயல்நாட்டு மீன் நம் ஏரிக்குப் பகையாகலாம். அவற்றை அண்டை வீட்டாருக்கோ மீன் கடைக்கோ அளிப்பதே முறை.

வானவில் வண்ணம் வெளிப்படப் பல திங்கள் ஆகும். அதுவரை சாம்பல் நிறக் குஞ்சுகளைப் பொறுமையுடன் பேணுவோர்க்கே அவ்வழகு கிட்டும்.